வார்னிஷ் காய்வதற்குள் ஒரு கல்யாண வீடு

என் மக்களே, பிள்ளைகளே, அந்த நாளைச் சொல்லி நீங்கள் இன்றும் சிரிக்கிறீர்கள். எனக்கோ அது இன்னும் பிடிபடவில்லை. பிடிபடாததை அப்படியே எழுதுகிறேன்.

பாறசாலைக்குப் பக்கத்தில் நம் மோட்டார் வைண்டிங் கடை உங்களுக்குத் தெரியும். வெயில் காலம் வந்தால் கிணற்று மோட்டார்கள் எல்லாம் ஒன்றாகக் கெட்டுப்போகும். ஒருவர் தமிழில் கூப்பிடுவார், அடுத்தவர் மலையாளத்தில் வாய்ஸ் மெசேஜ் போடுவார். யாரிடம் என்ன சொன்னேன் என்பது எனக்கே குழம்பிவிடும். அதைப் பார்த்துத்தான் உங்களில் மூத்தவள் என் போனில் ஒரு ஏ.ஐ. ஆப் போட்டுத் தந்தாள்.

"அப்பா, காலையில உள்ள வேலையெல்லாம் இதுகிட்ட வாயால சொல்லுங்க. எது முதல்ல, எது பிறகுண்ணு அது சொல்லும்."

சொன்னேன். அது அழகாக அடுக்கித் தந்தது. ஒரு நேரம் ஒரு வேலை. அது முடியாமல் அடுத்ததைத் தொட வேண்டாம். அதுவரை போன் சைலண்டில் இருக்கட்டும்.

முதல் வேலை, கடையில் கிடந்த மோட்டாருக்குச் செம்புக் கம்பியைச் சுற்றிக் காயில் கட்டுவது. கட்டி, வார்னிஷ் ஊற்றி, அது சூட்டில் காயட்டும் என்று உள்ளே ஒரு பல்பை எரியவிட்டேன். காய்ந்தால்தானே வேலை முடிந்தது? பக்கத்திலேயே உட்கார்ந்தேன். மற்ற நாளென்றால் அதற்குள் இரண்டு வீடு ஏறி இறங்கியிருப்பேன். படித்தவர்கள் இப்படித்தான் வேலை செய்வார்கள்போல என்று நினைத்துக்கொண்டேன்.

பக்கத்துச் சாயாக்கடைக்காரர் எட்டிப் பார்த்தார். "எலே, என்ன, அடை காக்கியா? குஞ்சு பொரிச்சா எனக்கும் ஒண்ணு தா."

"வேலை முடியாம எழும்பக்கூடாதுண்ணு போன் சொல்லிச்சு."

"சாயா குடிக்கலாமாண்ணு அதுகிட்ட கேளு."

அப்போது ஒரு ஆட்டோ வந்து நின்றது. குளத்தூர் கடற்கரையிலிருந்து ஓர் அம்மா இறங்கினார். மறுநாள் அவர் மகளுக்குக் கல்யாணம். என் வரிசையில் அவர் வீடு கடைசி.

"அண்ணா, எத்தனை தடவை விளிச்சேன்! போன் எடுக்கல்லியே. வீடு நிறைய ஆளு வந்தாச்சு. சோறு வைக்க ஒரு குடம் வெள்ளம் இல்ல."

"உங்க வீடு கடைசியாக்கும். உச்சை வெயில் தாழ்ந்து வாறேன்."

"கடைசியா? கல்யாண வீடாக்கும் அண்ணா!"

கல்யாண வீட்டில் தண்ணீர் இல்லையென்றால் இங்கே யாரும் வரிசை பார்ப்பதில்லை. எல்லாருக்கும் தெரிந்த விஷயம் என்பதால் அதைப் போனிடம் சொல்ல வேண்டும் என்றே எனக்குத் தோன்றவில்லை. 'குளத்தூரில் மோட்டார் ஓடவில்லை' என்று மட்டும் சொல்லியிருந்தேன். பதறிப்போய்க் கல்யாணம், வார்னிஷ், பல்பு எல்லாவற்றையும் போனிடம் சொன்னேன். உடனே பதில் வந்தது: கல்யாண வீட்டுக்கு இப்போதே போங்கள், வார்னிஷ் காய நீங்கள் அருகில் இருக்க வேண்டியதில்லை.

இருக்கச் சொன்னதும் இதுதான், போகச் சொல்வதும் இதுதான். அது தப்பாகச் சொன்னதா, நான் குறைவாகச் சொன்னேனா? எனக்குத் தெரிந்தவற்றில் எதையெல்லாம் எடுத்துச் சொல்ல வேண்டும் என்று நான் எப்படிக் கண்டுபிடிப்பது?

"பல்பை நான் பாத்துக்கிடுதேன், நீ போலே" என்றார் சாயாக்கடைக்காரர்.

போனேன். மோட்டாரில் கப்பாசிட்டர்தான் கெட்டிருந்தது. மாற்றியதும் குழாயில் தண்ணீர் சீறியது. பெண்கள் அண்டாக்களை இழுத்துக்கொண்டு ஓடிவந்தார்கள்.

புறப்படும்போது அந்த அம்மா கேட்டார்: "இனி அவசரம்ணா அண்ணன்கிட்ட சொல்லவா, அந்த போனுகிட்ட சொல்லவா?"

கிண்டலா, நிஜமாகவே கேட்டாரா, தெரியவில்லை. "என்கிட்டயே சொல்லுங்க. நான் அதுகிட்ட சொல்லுதேன்" என்று வண்டியை எடுத்தேன்.

பாதி வழியில்தான் உறைத்தது. கல்யாணம் என்று அவர் முந்தின நாளும் என்னிடம்தான் சொல்லியிருந்தார்; அது போன் வரை போகவே இல்லை.