கிரேனிலிருந்து மொட்டைமாடி வரை

எங்கள் பக்கத்து வீட்டு அண்ணனுக்குத் துறைமுகத்தில் கிரேன் ஓட்டும் வேலை. கப்பலிலிருந்து பெட்டிகளைத் தூக்கி லாரியில் இறக்குவார். கீழேயிருந்து பார்த்தால் அவர் உட்காரும் கண்ணாடிக் கேபின் தீப்பெட்டி அளவுதான் தெரியும். ஏறி இறங்குவதற்குள் இடைவேளை முடிந்துவிடும் என்பதால் மதியச் சாப்பாடும் மேலேயே. அப்படிச் சாப்பிட்டுக் கை கழுவிய ஒரு மதியம்தான், மேட்டுத்தெருவில் இருக்கும் எங்கள் வீடுகளின் மொட்டைமாடி அங்கிருந்து தெரிகிறது என்பதைக் கவனித்தார்.

மகள் பிறந்த புதிதில் வாங்கிய குட்டி டிஜிட்டல் கேமரா சட்டைப்பையில் இருந்தது. மூன்று மடங்கு ஜூம். முழுக்க இழுத்து ஒரு படம் எடுத்தார். சாயங்காலம் வீட்டுக் கம்ப்யூட்டரில் அதைப் பெரிதாக்கி, நான் அக்கா என்று கூப்பிடும் தன் மனைவியைக் கூப்பிட்டார். நானும் அங்கேதான் இருந்தேன்.

"இந்த நீலப் புள்ளி நம்ம தண்ணி டேங்க். பக்கத்துல மஞ்சளா ஒண்ணு இருக்கு பாரு, அது நீதான்."

அக்கா திரையில் மூக்கு இடிக்கக் குனிந்து பார்த்தாள். "நான் இன்னிக்கு மஞ்சளே போடலியே. அது இவங்க வீட்டுப் போர்வை."

என் போர்வையை அவ்வளவு ஆசையாக அதற்கு முன்னும் பின்னும் யாரும் படம் எடுத்ததில்லை. அண்ணனுக்குத்தான் முகம் சுண்டிப்போயிற்று.

அதே கம்பெனி அந்த வரிசையில் அடுத்ததாகப் பத்து மடங்கு ஜூம் கேமரா விட்டதும் வாங்கிவிட்டார். சட்டைப்பையில் அடங்காத குண்டுக் கேமரா. ஆனால் இப்போது புள்ளி ஆளாகிவிட்டது. துறைமுகத்தில் மதியச் சங்கு ஊதினால் எங்கள் தெருவரை கேட்கும். அது ஊதியதும் அக்கா மாடிக்குப் போய்க் கையசைப்பாள். அவர் எடுப்பார். தினமும்.

என்ன, காற்றடித்தால் கிரேன் ஆடும். படமெல்லாம் தண்ணீருக்குள் எடுத்த மாதிரி கலங்கி வரும். கேமரா கடைக்காரர் ஆறுதல் சொன்னார்.

"அடுத்தது வந்திருக்கு, பாருங்க. கை நடுங்கினா உள்ள இருக்கற லென்ஸே சமாளிச்சுக்கும்."

"என் கை நடுங்கலீங்க. கிரேன்தான் நடுங்குது."

"அதையும் சேர்த்துச் சமாளிக்கும்னு வெச்சுக்கங்களேன்."

சமாளித்தது. ஆனால் ஒரு கண்ணை வைத்துப் பார்க்கிற ஓட்டையை அந்த மாடலில் அடைத்துவிட்டார்கள். பின்பக்கத் திரை மட்டும்தான். நாலு பக்கமும் கண்ணாடியாக இருக்கிற கேபினில், உச்சி வெயிலில் அந்தத் திரை அவருடைய மூஞ்சியைத்தான் அவருக்குக் காட்டியது. தலையோடு துண்டைப் போர்த்திக்கொண்டு உள்ளே குனிந்து பார்த்தார். கீழே லாரி ஓட்டுநர்கள், "அண்ணன் போட்டோ எடுக்கறாரா, ஆவி பிடிக்கறாரா?" என்று கேட்டுக்கொண்டார்கள்.

அதற்கடுத்ததில் மெகாபிக்சல் எக்கச்சக்கம். மேகம் மூடிய நாளில் படத்தில் மணலை அள்ளித் தூவினது போல இருக்கும். அண்ணன் கடைக்காரரிடமே சண்டைக்குப் போனார், ஏதோ அவர்தான் அதைச் செய்து அனுப்பியது போல.

"ஊர்ல அவனவன் பொண்டாட்டியைப் பாக்கணும்னா வீட்டுக்குச் சீக்கிரம் வருவான். இவரு லென்ஸை நீட்டிக்கிட்டே போறாரு" என்பாள் அக்கா. சொல்லும்போது முகத்தில் பெருமை வழியும்.

மகள் வெளியூர்க் கல்லூரிக்குப் போன வருஷம், பெரிய சூப்பர்ஜூம் வந்தது. முழங்கை நீளத்துக்கு லென்ஸ். கண் வைத்துப் பார்க்கிற இடமும் திரும்பி வந்திருந்தது. முதல் நாள் அவருக்குப் பொறுக்கவில்லை. சங்கு ஊதுவதற்கு முன்பே எடுத்து மாடியைப் பார்த்தார். அக்கா ஏற்கெனவே அங்கே இருந்தாள். துணிக்கூடையைத் தள்ளி வைத்துவிட்டுத் தண்ணீர் டேங்கில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். கையில் மகளுடைய தலையணை உறை. அதில் முகத்தைப் புதைத்திருந்தாள். தோள் குலுங்கியது.

பட்டனில் இருந்த விரலை அண்ணன் எடுத்துவிட்டார்.

சங்கு ஊதியது. அக்கா எழுந்து குழாயில் முகம் கழுவி, முடியை ஒதுக்கிக்கொண்டு, கைப்பிடிச் சுவரோரம் வந்து சிரித்துக் கையசைத்தாள். என்றைக்கும் அசைப்பது போலவே.

வீட்டுக்கு வந்து சாப்பிட்டுக் கை கழுவினார். பிறகு சொல்லிவிட்டார். "இன்னிக்கு நீ கை காட்டறதுக்கு முன்னாடியே பார்த்துட்டேன்."

அக்காவுக்குக் கோபம் வந்தது. "என்னைக் கேக்காம எப்படிப் பார்க்கலாம்?"

"தப்புதான்."

"சங்குக்கு அப்புறம் இருக்கறதுதான் உங்களுக்கு. அதுக்கு முன்னாடி இருக்கறது எனக்கு."

அவர் தலையைக் குனிந்துகொண்டார். அவளே பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். பிள்ளை போனதிலிருந்து வீடு வாயடைத்துப் போய்விட்டது என்றாள். "நீங்க விடியறதுக்குள்ள போறீங்க, அசந்து போய் வர்றீங்க. அந்தக் கை காட்டற நேரத்துலதான் என்னை ஒருத்தர் பாக்கறாங்கன்னு இருக்கு."

"அப்ப நான் என்ன பண்ணட்டும்?"

"கேமராவை என்கிட்ட குடுங்க. நானும் பாக்கறேன், நீங்க அங்க என்ன பண்றீங்கன்னு."

மறுநாள் சங்கு ஊதிய கையோடு அண்ணனின் போன் அடித்திருக்கிறது. "விட்டுட்டேன்னு பொண்ணு மேல சத்தியம் பண்ணீங்களே, அந்த சிகரெட்டைக் கீழ போடுங்க."

அன்றோடு அதுவும் போயிற்று.

ஆனால் அக்கா எத்தனை நாள்தான் புருஷனையே பார்த்துக்கொண்டிருப்பாள்? லென்ஸைக் கொஞ்சம் திருப்பினாள். கப்பல் மேல்தளத்தில் சட்டை துவைக்கும் மாலுமி, தூண்டில்காரரின் வாளிக்குக் குறி வைக்கும் கடல் காக்கை, சாயங்கால நிலாவில் அம்மைத் தழும்பு போன்ற குழிகள். என்னை மாடிக்கு இழுத்துப் போய்க் காட்டுவாள். மகளுக்குத் தினம் ஒரு படம் அனுப்புவாள். "அம்மா, இது யாரு எடுத்தது?" என்று அவள் கேட்டதை எங்கள் தெரு முழுக்கச் சொன்னாள்.

அண்ணன் தனக்கென்று அந்தக் கம்பெனியின் பாக்கெட் கேமரா ஒன்று வாங்கிக்கொண்டார். பெரியதில் இருந்த ஜூம் எல்லாம் அதற்குள் சின்னதிலும் அடங்கிவிட்டது. அந்தக் காலத்தில் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் எடுத்த படங்கள் நிறைய இருக்கின்றன. அவருடைய படத்தில் அக்காவின் முகம் இருக்கும் இடத்தில் ஒரு கேமரா. அக்காவுடைய படத்தில் கண்ணாடிக்குப் பின்னால் இன்னொரு கேமரா. இரண்டு பேருமே சிரித்துக்கொண்டிருந்ததாகச் சொல்கிறார்கள். நம்பவேண்டியதுதான்.

சின்னக் கேமராக்கள் வருவது குறைந்துவிட்டது. எல்லோரும் போனிலேயே எடுத்துக்கொள்கிறார்களாம். கடைக்காரரும் இப்போது போன் உறைதான் விற்கிறார். அண்ணன் போன மாதம் ஓய்வு பெற்றார்.

முதல் நாள் மதியம் நான் துணி எடுக்க மாடிக்குப் போனேன். அவர்கள் மாடியில் இரண்டு நாற்காலி போட்டிருந்தது. அக்கா கடல் பக்கம் எதையோ குறி பார்த்துக்கொண்டிருந்தவள், அப்படியே லென்ஸை அண்ணன் உட்கார்ந்திருந்த பக்கத்து நாற்காலிப் பக்கம் திருப்பினாள். லென்ஸுக்குள் முனகல் சத்தம் கேட்டது.

"என்னாச்சு?"

"ரொம்பக் கிட்ட இருக்கீங்க. ஃபோகஸே ஆக மாட்டேங்குது."

"தள்ளிப் போய் நிக்கட்டுமா?" என்று அவர் எழப் போனார்.

"ஒண்ணும் வேணாம், உக்காருங்க" என்று சொல்லிவிட்டு, அக்கா ஜூமை முழுக்க உள்ளே இழுத்துக்கொண்டாள்.