சுண்ணக்கட்டிக் கோடு

அண்ணனுக்குக் கிடைத்தவற்றை மனதில் பட்டியலிட்டு வைத்திருந்தேன்: வெள்ளைக் காற்சட்டை, ஞாயிறு பூசைக்குப் பிறகு இரண்டு மணி நேரம், வாத்தியாரின் முழுக் கவனம். எனக்குக் கிடைத்தது உட்கார்ந்து பார்க்க ஒரு கதிரை.

வாத்தியார் கண்டியில் பீங்கான் கடை வைத்திருந்த ஜப்பான்காரர். கராத்தே என்னும் வெறுங்கைச் சண்டைக்கலை தன்னுடைய ஒக்கினாவாத் தீவில் பிறந்தது என்பார். அவருடைய ஆசான் அதை ஜப்பானின் பெரிய நகரங்களுக்குக் கொண்டுபோனார். வாத்தியாருடன் படித்தவர் ஒருவர் ஹவாய்க் கரும்புத் தோட்டத்துக்கு வேலைக்குப் போய், அங்கே கற்பித்தார். கடையின் பின்னறைச் சுவரில் அந்த ஆசானின் வழியில் கற்றவர்களின் பெயர்ப் பலகைகள் வரிசையாகத் தொங்கின. கடைசிப் பலகை அண்ணனுடையது. பார்க்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரிந்தது.

நான் வரைபடங்களைப் படியெடுக்கப் பயின்றவள். ஆசான் பிற்காலத்தில் அமைத்த அடிவரிசைப் பாடம் ஒன்று ஹவாய்க்குப் போனவருக்குத் தெரியாது. அவருக்கு அனுப்ப அதன் அடிவைப்புகளை அளவோடு வரைந்து தரும்படி வாத்தியார் கேட்டதால்தான் அந்தக் கதிரை.

அந்தப் பாடத்தைத் தொடங்கிய இடத்திலேயே முடிக்க வேண்டும். வாத்தியார் தரையில் சுண்ணக்கட்டியால் கோடு போடுவார். அண்ணன் எப்போதும் ஒரு முழம் தள்ளியே போய் நிற்பான்.

வாவிக்கரையில் நடந்து வரும்போது கேட்டான். "எங்க தப்பு விடுறேன்? நீதான் அளந்துகிட்டே இருக்கியே."

"நான் படம் வரையிறவ. எனக்கென்ன தெரியும்?"

தெரியும். பதினோராம் அடியில் திரும்பும்போது இடது காலை அகல வைத்தான். மூன்று வாரம் நான் வாய் திறக்கவில்லை.

தன் தீவுக்குத் திரும்புமுன் வாத்தியார் ஒன்று சொன்னார்: சரியாக முடித்தால் கண்டியில் கற்பிக்க அண்ணனுக்கு அனுமதி. அன்றும் அவன் தள்ளியே நின்றான். வாத்தியார் என் படத்தைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

"நீ செய்."

சேலையைச் செருகிக்கொண்டு எழுந்தேன். சமையலறையில் கதவைச் சாத்திக்கொண்டு எத்தனையோ முறை செய்ததுதான். கோட்டின் மேலேயே முடித்தேன்.

"உனக்குத் தெரியும். நீ அவனுக்குச் சொல்லவில்லை," என்றார் வாத்தியார். எனக்குப் பலகை தரவில்லை. அண்ணனுக்கு அனுமதியும் தரவில்லை.

திரும்பும் வழியில், வாவிக்கரையில், அண்ணன் நின்று என் பக்கம் திரும்பினான். "சொல்லியிருக்கலாம் தங்கச்சி," என்றான்.

"நீயும் ஒருநாள் அந்தக் கதிரையில உட்கார்ந்து பார்த்திருக்கலாம் அண்ணே."

படம் ஹவாய்க்குக் கப்பலேறியது. படியெடுப்பவர் பெயர் போடக் கூடாது என்பது எங்கள் பயிற்சி, நானும் போடவில்லை. வாத்தியார் கழற்றிக் கொடுத்த தன் பலகையை அண்ணன் வீட்டு அலுமாரிக்குள் வைத்தான். அந்த அலுமாரியைத் திறக்க நேரும்போதெல்லாம் பலகையிலிருந்த அவன் பெயரை இன்னொரு முறை வாசித்துவிட்டுத்தான் மூடினேன்.