கதிர்க்குருவி வரவில்லை என்று எழுதியவன்

ஓசூரை அடுத்த பேரிகைப் பக்கம் என் மைத்துனனின் வீட்டுக்குள் இரண்டு வருடம் நான் கால் வைக்கவில்லை. மனைவியை அவள் தம்பி வீட்டு வாசலில் இறக்கிவிட்டு, பைனாகுலரோடு பாதையிலேயே நின்றுகொள்வேன். காரணம் கேட்டால் சிரிப்பீர்கள். ஒரு குருவி.

கட்டைவிரல் அளவுதான் இருக்கும் அந்தக் கதிர்க்குருவி. ஐப்பசியில் இமயமலைப் பக்கமிருந்து வரும், சித்திரையில் திரும்பிப் போய்விடும். இலை நிறம். இதே ஜாடையில் இன்னும் நாலைந்து வகை உண்டு. குரலை வைத்துத்தான் இன்னது என்று சொல்ல முடியும். அது கூப்பிடாவிட்டால் எந்தக் கிளையில் இருக்கிறது என்பதே தெரியாது.

மைத்துனன் வரப்பில் வரிசையாகப் புங்க மரங்கள் இருந்தன. வருடா வருடம் அங்கேதான் அதைக் கேட்பேன். அந்த மரங்கள் நின்ற கடைசி வருடம் குரல் கொஞ்சம் தள்ளிக் கேட்டது. பிறகு, ரோஜா வளர்க்க பிளாஸ்டிக் கூரை போட்ட பாலிஹவுஸ் கட்டுகிறேன் என்று அவன் மரங்களை வெட்டினான். பாதையோரப் புளியமரம் மட்டும் தப்பியது. அந்தப் பனிக்காலம் குருவிச் சத்தமே இல்லை. எனக்குத்தான் மூக்குக்கு மேல் கோபம் வருமே, அவன் வாசலில் நின்று கத்தினேன்.

"ரோஜா விக்கிறதுக்காக அவ்ளோ தூரத்துல இருந்து வர்ற ஜீவன வெரட்டிட்டியேடா!"

பறவை பார்ப்பவர்களின் வாட்ஸப் குழுவில் 'வரவில்லை' என்று எழுதினேன். அடுத்த வருடமும் அதையே எழுதினேன்.

இந்த மார்கழியில் ஒரு காலை, மனைவி வழக்கம்போல் காபியைப் பாதைக்கே கொண்டுவந்தாள்.

"ஏங்க, இந்தப் புளியமரத்துல என்னங்க விடாம கத்துது?"

"மைனா."

"மைனா இல்லங்க. பொடிசா, ஊசி கணக்கா கத்துது."

"சும்மா இரு. குருவி பாக்குறவன் நானா, நீயா?"

அவள் கிளையைக் கை காட்டினாள். வேண்டாவெறுப்பாகப் பைனாகுலரைத் தூக்கினேன். இலைகளுக்கு நடுவே கண்ணுக்கு மேல் வெளிறிய கோடு, இறக்கையில் மெல்லிய வெள்ளைக் கீற்று. அலகு திறந்தது, மூடியது. சத்தம் வரவில்லை.

"இப்ப கத்துச்சா?"

"கத்துச்சே."

மறுபடி அலகு திறந்தது.

"இப்ப?"

"ஆமாங்க. உங்களுக்குக் கேக்கலியா?"

"எப்படிக் கத்துதுன்னு செஞ்சு காட்டு" என்றேன். பாதையில் ஆள் வருகிறதா என்று பார்த்துவிட்டு, வெட்கத்தோடு உதட்டைக் குவித்து "ச்சி-வீ, ச்சி-வீ" என்றாள். அதேதான். சந்தேகமே இல்லை. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

ஓசூரில் இருபத்துநாலு வருடமாக, இரும்புத் தகட்டை இடித்து வளைக்கும் பிரஸ் ஷாப்பில் வேலை. காதடைப்பானை மாலை மாதிரி கழுத்தில் போட்டுக்கொண்டு, சூப்பர்வைசர் தலை தெரிந்தால் மட்டும் காதுக்குள் செருகுவேன். வருடாவருடம் கம்பெனியில் காதைச் சோதிப்பார்கள். பீப் சத்தம் கேட்டால் பட்டனை அழுத்த வேண்டும். சோதனை அறைக் கண்ணாடி வழியே நர்சின் கை அசைவதைப் பார்த்தே அழுத்தி ஒவ்வொரு முறையும் பாஸாகி வந்தேன். இதைப் பெருமையாக வேறு கேன்டீனில் சொல்லிச் சிரித்திருக்கிறேன். மடத்தனம்! இரைச்சலில் கெடும் காதுக்குக் கீச்சுச் சத்தம்தான் முதலில் கேட்காமல் போகும் என்று டாக்டர் பிறகு சொன்னார்.

அன்று பைனாகுலரைக் கழற்றிவிட்டு நேராக உள்ளே போனேன். மைத்துனன் பூக்களைக் கட்டுப் போட்டுக்கொண்டிருந்தான். என்னைக் கண்டதும் எழுந்து நின்றான்.

"குருவி வந்துட்டுதான்டா இருந்திருக்கு. என் காதுதான் போச்சு. உன்னைப் பேசினது தப்பு" என்றேன்.

அவனுக்குப் புரியவில்லை. "வந்துட்டுதான் இருந்துச்சா? எந்தக் குருவி மாமா அது?"

மனைவி மறுபடி "ச்சி-வீ" என்று செய்து காட்டினாள். அவன் அக்காவைப் பார்த்தான், என்னைப் பார்த்தான்.

"இதுவா? இது தெனமும் கத்துது மாமா. நாம வெரட்டிட்டோமேன்னு ரெண்டு வருஷமா மனசு கெடந்து அடிச்சிக்குச்சு. இதுதான் அதுன்னு யாரும் எனக்குச் சொல்லலியே."