நூற்று இருபத்தேழு பல்

மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன் நான். பெங்களூர் அடுகோடியில் நாலு மெஷின் போட்டுக் கியர் பட்டறை நடத்த எனக்கு எந்தக் காகிதமும் தேவைப்படவில்லை. காகிதம் வைத்திருந்தவர்கள் என்னிடம் சம்பளம் வாங்கினார்கள். அதில் ஒருவன் கஸ்தூரிரங்கன், பி.ஈ. அவனை நினைத்தால் இன்றும் குமட்டுகிறது.

யேசுதாஸ் கோலார் தங்கவயல் சுரங்கத்தில் இருபத்தாறு வருஷம் ஃபிட்டர். 2001இல் சுரங்கத்தை மூடியதும், காலை ரயிலில் பெங்களூர் வந்து பட்டறை பட்டறையாக ஏறி இறங்கினார். ஐம்பது வயது, சர்டிபிகேட் இல்லை, எவனும் சேர்க்கவில்லை. ஒரு வாரம் வேலை பாருங்கள், பிறகு சொல்கிறேன் என்றேன். ஆளை எடைபோடுவதில் நான் தவறியதே கிடையாது.

அந்த வாரம் ஓர் ஆர்டர் வந்தது. அங்குலக் கணக்கில் ஓடும் லேத்தில் மில்லிமீட்டர் கணக்குத் திருகு மரை வெட்ட 127 பல் சக்கரம். மெஷினில் வட்டம் வட்டமாக ஓட்டை போட்ட தட்டு இருக்கும். ஓட்டையை எண்ணிக் கைப்பிடியை நகர்த்தித்தான் ஒவ்வொரு பல்லாக வெட்டுவோம். 120, 130 என்றால் ஏதாவது ஒரு வட்டம் கைகொடுக்கும். 127 எதற்கும் மசியாது.

கஸ்தூரிரங்கன் கால்குலேட்டரைத் தட்டி, கிட்டத்தட்டப் பொருந்துகிற வட்டம் ஒன்றைப் பிடித்தான். அந்தக் ‘கிட்டத்தட்ட’ பல்லுக்குப் பல் சேர்ந்து, கடைசிப் பல் தடித்துவிட்டது. என்ன செய்தான் தெரியுமா? அரத்தால் ராவி, கிரீஸ் தடவி வைத்தான்.

"ஒரு பல்லுதானே சார், யாரு பாக்கப்போறா?"

த்தூ. படித்தவன் வாயில் வருகிற பேச்சா இது?

யேசுதாஸ் சக்கரத்தை விரலால் ஒரு சுற்றுத் தடவினார். அந்தப் பல்லில் விரல் நின்றது.

"இது ஒடையாத நம்பர் மொதலாளி. ஒண்ணால வகுக்கலாம், இல்ல அதாலயே வகுக்கலாம். அதுக்குன்னு தனி வட்டம் போடணும்."

இரும்புப் பட்டையில் சம இடைவெளியில் 127 ஓட்டை துளைத்து, மரச் சக்கரத்தில் வளையமாகச் சுற்றித் தட்டுக்குப் பதில் மாட்டினார். கைப்பிடி நாற்பது சுற்று சுற்றினால்தான் சக்கரம் ஒரு சுற்று சுற்றும்; அதனால் பல்லுக்கு நாற்பது ஓட்டை நகர்த்தல். நின்ற ஓட்டையில் எல்லாம் சிவப்பு பெயிண்ட் ஒரு பொட்டு. நாற்பதையும் நூற்று இருபத்தேழையும் பொதுவாக வகுக்க ஒன்றைத் தவிர வேறு எண் கிடையாது, அதனால் ஓர் ஓட்டை விடாமல் எல்லாவற்றிலும் ஒரே ஒரு தரம் நின்றுவிட்டுத்தான் புறப்பட்ட இடத்துக்குத் திரும்பும் என்றார். ஒரு பொட்டு குறைந்தாலும் எண்ணிக்கை தப்பு.

சுரங்கத்தில் பழகிய கணக்கெல்லாம் இங்கே செல்லாது என்று கஸ்தூரிரங்கன் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றான்.

கடைசி நகர்த்தலில் கைப்பிடி முதல் ஓட்டையில் வந்து விழுந்தது. வளையம் முழுக்கச் சிவப்பு. பட்டையில் மயிரிழை பிசகியிருந்தாலும் சக்கரத்துக்குப் போகும்போது நாற்பதில் ஒரு பங்காகிவிடும். நானே விரலால் தடவினேன். எங்கும் நிற்கவில்லை.

ராவிய சக்கரத்தைக் கஸ்தூரிரங்கன் காலடியில் போட்டு, அதையும் எடுத்துக்கொண்டு போ என்றேன்.

யேசுதாஸ் கை கழுவிவிட்டு வந்து தயங்கினார். "வாரம் முடிஞ்சிருச்சு மொதலாளி. திங்கக்கெழம வரட்டுமா?"

"ரயிலுக்கு மாசப் பாஸ் எடுத்துருங்க" என்றேன்.