ஏழாவது பெட்டி

உலகத்தைப் படைத்த அன்று பெரியம்மாவிடம் ஒரு பார்வைக்குக் காட்டியிருந்தால், நிலா இப்படி வானத்தின் ஓரத்தில் ஒண்டிக்கொண்டு நிற்காது. நட்சத்திரங்களை எட்டுப் பத்தியாகப் பிரித்து, நடுவில் சீராக இடம் விட்டு அடுக்க வைத்திருப்பாள். மலைகளை ஒரே மட்டத்துக்கு வெட்டச் சொல்லியிருப்பாள். கடவுள் அவசரப்பட்டு அச்சுக்கு அனுப்பிவிட்டார், என்ன செய்ய.

பெரியம்மா செய்தித்தாள் அலுவலகத்தில் பக்கம் பார்ப்பவள். எழுத்துப் பிழை பார்க்க வேறு ஆள் உண்டு. பெட்டி கோணலா, படம் கோட்டில் இடிக்கிறதா, வரிகளுக்கு நடுவே வெள்ளையாக ஓட்டை விழுந்திருக்கிறதா என்பதுதான் இவள் பாடு. அதனால் பக்கத்தைத் தலைகீழாகப் பிடித்துத்தான் பார்ப்பாள். நேராகப் பிடித்தால் கண் படிக்க ஓடிவிடுமாம், குறை தப்பிவிடுமாம். இருபத்தாறு வருடமாக இதே பழக்கம். கையெழுத்துப் போட்டு அனுப்பிய பக்கத்தில் என்ன இருந்தது என்று கேட்டால் முழிப்பாள். மறுநாள் வீட்டுக்கு வரும் தாளைத்தான் நேராகப் பிடித்துப் படிப்பாள்.

இந்தக் கண்ணால்தான் தம்பியைத் தொலைத்தாள். அவன் தன் கல்யாணப் பத்திரிகையை ஆசையாக நீட்டினான். பெண் வீட்டார் கூடத்தில் உட்கார்ந்திருந்தார்கள்.

"பொண்ணு பேரு மட்டும் ரெண்டு மில்லி கீழ எறங்கிடுச்சு. கூப்பிடாம வந்தவ மாதிரி ஒதுங்கி நிக்குது பாரு."

"உனக்குக் கண்ணு மட்டும்தான் இருக்குக்கா," என்று சொல்லிவிட்டுப் போனவன்தான். ஒன்பது வருடம் வீட்டில் யாரோடும் பேச்சில்லை. பெரியம்மா மூன்று கடிதம் எழுதினாள், நாலு பக்கமும் அளந்து ஓரம் விட்டு. பதில் வரவில்லை.

அந்த வியாழக்கிழமை காலை தாளை முதலில் பிரித்தது தங்கை மகள். பத்தாவதோடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டவள், வீட்டில் பெயர் வால். இதை எழுதுகிற கழுதையும் அவள்தான். காலமானார் பக்கத்தில், ஏழாவது பெட்டியில், கோபித்துக்கொண்டு போன அந்த மாமா சிரித்துக்கொண்டிருந்தார். நல்லடக்கம் இன்று மாலை நான்கு மணி.

முந்தின நாள் வேலை விட்டு வந்த பெரியம்மா, செருப்பைக் கழற்றும்போதே அலுத்துக்கொண்டது வாலுக்கு நினைவில் இருந்தது. "ஏழாவது பெட்டியில படம் கீழ்க்கோட்டுல இடிச்சுக்கிட்டு நிக்குது. தூக்கி வைக்கச் சொல்லிட்டு வந்தேன்."

அம்மா தாளைப் பார்த்தாள். கரண்டி கையிலேயே இருக்க, அடுப்பு மேடையைப் பிடித்துக்கொண்டு சத்தமில்லாமல் அழுதாள். பிறகு முகத்தைத் துடைத்தாள்.

"போன மாசம்தான் மயங்கி விழுந்தா. மாத்திரை போட்டு ரெண்டு வாய் சாப்பிடட்டும், நானே சொல்றேன். அதுவரைக்கும் அக்கா கண்ணுல இது படக்கூடாது."

"பேப்பர் வரலன்னு சொல்லிடவா?"

"ஆபீசுக்குப் போன் போட்டு உலுக்கிடுவாடி."

குளியலறையில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. வால் பழைய தாள் கட்டை உருவினாள். போன வாரத்துத் தாளிலிருந்து, அதே அளவுப் பெட்டியில் இருந்த யாரோ ஒரு பெரியவரைப் பெட்டியோடு கத்தரித்து மாமாவின் மேல் ஒட்டினாள். எத்தனையோ பேரை ஏமாற்றிச் சிரித்த கை அது. ஒரு இம்மி பிசகவில்லை.

பெரியம்மா ஈரத் தலையோடு வந்து உட்கார்ந்து பக்கம் பக்கமாகப் புரட்டினாள். அந்தப் பக்கத்தில் கை நின்றது.

"எத்தன தடவ சொன்னாலும் இவனுங்களுக்கு உறைக்காது. படம் கீழ்க்கோட்டுலயே நிக்குது." அம்மா தட்டோடு வருவதற்குள் போனை எடுத்துவிட்டாள்.

எதிர்முனையில் பக்கம் கட்டுகிறவர் கெஞ்சுவது கூடம் வரை கேட்டது. "சத்தியமாத் தூக்கி வச்சேங்கா. என் முன்னாடி இருக்கற தாள்ல சரியாத்தான் இருக்கு."

பெரியம்மா போனை வைத்தாள். தாளைத் தலைகீழாகத் திருப்பினாள். கட்டை விரலை எட்டாவது பெட்டியிலிருந்து மெல்ல நகர்த்திக்கொண்டு வந்தாள். ஏழாவதின் விளிம்பில் விரல் தட்டி நின்றது.

"சாப்பிட்டுட்டுப் பாரேன்க்கா," என்றாள் அம்மா. தட்டைத் தாளின் மேலேயே வைக்கப் போனாள்.

பெரியம்மா அம்மாவைப் பார்க்கவில்லை. வாலின் விரல் நுனியில் காய்ந்திருந்த பசையைப் பார்த்தாள்.

"வெட்டு நேரா இருக்கு," என்றாள். "கீழ யாருடி?"