என் கை முதலில் எடுத்த டப்பா

இதை எழுத வேண்டும் என்று நினைத்து எத்தனையோ கார்த்திகை போய்விட்டது. பேனாவை எடுப்பேன், நாலு வரி எழுதுவேன். அந்த நாலு வரியில் நான் நல்லவனாகவே தெரிவேன். கிழித்துப் போட்டுவிடுவேன்.

எங்கள் பூஜை அறையில் கண்ணாடி போட்ட முருகன் படம் ஒன்று இருக்கிறது. அதன் அடியில் நேற்றுவரை ஒரு விரல் அகலத்துக்கு மஞ்சள் காகிதம் ஒட்டியிருந்தது. தினமும் குளித்துவிட்டு வந்து அந்தக் காகிதத்தின் மேல்தான் சந்தனம் வைப்பேன். பார்க்கிறவர்கள் ஏதோ வேண்டுதல் என்று நினைத்துக்கொள்வார்கள். வேண்டுதல் இல்லை, மறைப்பு.

எண்பதுகளில் ஏற்காடு பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் விதையும் உரமும் விற்கிற சின்னக் கடை வைத்திருந்தேன். எட்டாவதோடு படிப்பு நின்றவனுக்கு அது பெரிய பிழைப்பு. கிளியூரிலிருந்து ஒரு அக்கா வருவார். வீட்டுக்காரர் இல்லை. ஒரு மகள், மேட்டில் ஒரு துண்டு நிலம், அவ்வளவுதான். வருஷா வருஷம் பீன்ஸ் விதை வாங்குவார். நான் இரண்டு மூன்று ரகம் எடுத்து வைக்கப் போனால் தடுத்துவிடுவார். "ஏனுங்க தம்பி, எல்லாத்தையும் பரப்பாதீங்க. நமக்கு எழுத்தா தெரியுது? மொதல்ல உங்க கை எதுக்குப் போகுதோ அதையே குடுங்க" என்பார். அந்த அக்கா மட்டுமல்ல, எழுதப் படிக்கத் தெரியாத பலரும் அப்படித்தான் வாங்கினார்கள். கடைக்காரன் முதலில் எடுப்பது அவன் வீட்டுத் தோட்டத்துக்கு எடுப்பது என்று ஒரு எண்ணம்.

அந்த வருஷம் மாசி மாதம் ஒரு புது விதைக் கம்பெனியின் ஏஜெண்ட் வந்தார். பளபளவென்று படம் போட்ட டப்பாக்களைக் கண்ணுக்கு நேராக உள்ள தட்டில் அடுக்கச் சொன்னார். யார் கேட்டாலும் அதையே முதலில் எடுக்க வேண்டும், அவ்வளவுதான் வேலை என்றார். அதற்குக் கூலியாகக் கொடுத்ததுதான் இந்த முருகன் படம். இவ்வளவு லட்சணமான படத்தை நான் அதுவரை பார்த்ததில்லை. அடியில் கம்பெனி பெயர் தங்க எழுத்தில் இருந்தது. சாமிக்குக் கீழே கம்பெனி எதற்கு என்று மஞ்சள் காகிதம் ஒட்டினேன். பக்தியில் ஒட்டியதாகத்தான் அன்றைக்கு என்னையே நம்ப வைத்தேன்.

ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அந்த விதையில் ஒரு பிடியை எங்கள் கொல்லையில் போட்டுப் பார்த்திருந்தேன். பாதிகூட முளைக்கவில்லை. தெரிந்தேதான் தட்டில் வைத்தேன். எப்போதும் விற்கிற நல்ல விதை, உப்பு என்று நாங்கள் சொல்கிற உர மூட்டைக்குப் பின்னால் போனது.

சித்திரையில் முதல் மழை விழுந்த மறுநாள் அக்கா வந்தார். இந்தப் போகம் எடுத்துத்தான் மகளைச் சேலத்தில் விடுதியில் சேர்க்க வேண்டும் என்றார். வழக்கம்போல என் கையைப் பார்த்தார். பஸ்ஸுக்காக நின்றிருந்த நாகலூர் எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டர் சிரித்துக்கொண்டே, "அக்கா, கடைக்காரரு கை மொதல்ல கல்லாப்பெட்டிக்குத்தானுங்க போகும். பாத்து வாங்குங்க" என்றார். அப்போது கடையில் என் தலைக்கு மேலே மாட்டியிருந்த இந்தப் படத்தை அக்கா காட்டினார். "போங்க ரைட்டரே. முருகனுக்குக் கீழ உக்காந்துட்டு யாராச்சும் ஆகாததை எடுத்துக் குடுப்பாங்களா?"

என் கை போனது. டப்பாவை எடுத்தது. கண்ணில் ஒற்றிக்கொண்டு வாங்கிப் போனார்.

மூன்று வாரம் கழித்து வந்து நின்றார். குழிக்கு மூன்று போட்டதில் ஒன்று வந்தால் அதிகம். உடனே வந்திருந்தால் மாற்றி விதைத்திருக்கலாம். "உங்க கை எடுத்த வெதை, மொளைக்காமப் போகாதுன்னு பத்து நாளு சேத்துப் பாத்துட்டனுங்க தம்பி. அதுக்குள்ள மழையும் போயிருச்சு. எம்பட மண்ணுதான் நொம்பச் சூடாயிருச்சாட்ட இருக்குது." என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. நான் உப்பு மூட்டையைப் பார்த்துக்கொண்டு, "ஆமாங்க அக்கா, இந்த வருசம் மழையே சரியில்லீங்க" என்றேன். அந்த வாயால் அன்று சாயங்காலம் கந்த நாமமும் சொன்னேன்.

மகள் விடுதிக்குப் போகவில்லை. ஆனியில் எஸ்டேட் வேலைக்குப் போனாள். மறு வருஷம் அக்கா மறுபடி வந்து, "உங்க கை எதுக்குப் போகுதோ" என்றார். மூட்டைக்குப் பின்னாலிருந்து நல்ல விதையை எடுத்துக் கொடுத்தேன். விளைந்தது. "பாத்தீங்களா, போன வருசம் மண்ணுதான்" என்று சந்தோஷப்பட்டார். கடைசிவரை அப்படியே நம்பிக்கொண்டு போய்ச் சேர்ந்துவிட்டார்.

போன மாதம் மருமகள் செல்போனில் மிக்ஸி தேடிக்கொண்டிருந்தாள். முதலில் வந்ததையே வாங்கப் போனாள். அதுதான் நல்லதென்று யார் சொன்னது என்றேன். "மேல வர்றதத்தானுங்க மாமா எல்லாரும் வாங்கறாங்க" என்றாள். பிறகு விரலால் பெரிதாக்கிக் காட்டினாள். "இது வெளம்பரமுங்க. மேல வர்றதுக்குக் கம்பெனிக்காரங்க காசு கட்டுவாங்க. இங்க பொடி எழுத்துல போட்டிருக்குது பாருங்க. யாரு இதையெல்லாம் படிக்கறாங்க?"

அவர்களாவது பொடி எழுத்தில் போட்டிருக்கிறார்கள். நான் கம்பெனி பெயர்மேல் காகிதம் ஒட்டிச் சந்தனம் வைத்தேன்.

அக்காவின் மகளிடம் சொல்லிவிடலாம் என்று இரண்டு முறை கிளியூர் போனேன். "வாங்க மாமா, உக்காருங்க" என்று நாற்காலியைத் துடைத்துப் போட்டாள். காபி குடித்துவிட்டுத் திரும்பி வந்தேன். நேரில் சொல்ல எனக்கு வாய் இல்லை.

நேற்றுக் காலை ஈரத்துணி வைத்து மஞ்சள் காகிதத்தை உரித்தேன். வெளிச்சமே படாததால் தங்க எழுத்து புதிதாகவே இருக்கிறது. விளக்கேற்றிக் கும்பிட்டபோது அதையும் சேர்த்துத்தான் படித்தேன். இனி அதை மூட மாட்டேன்.

இதைப் படிக்கிற கிளியூர்க்காரர்கள் யாராவது இருந்தால் அந்த மகளிடம் படித்துக் காட்டுங்கள். மழை தப்பியது, மண் சூடு என்று எனக்காக எதையும் முன்னால் கொண்டுவர வேண்டாம். எழுதிய வரிசையிலேயே சொல்லுங்கள். என் கை முதலில் எந்த டப்பாவுக்குப் போனது, ஏன் போனது என்பது அவளுக்குத் தெரிய வேண்டும்.