கடல் தெரியாத லொட்ஜ்

தொண்ணூறுகளில் எங்கள் தேயிலைத் தோட்டத்திலிருந்து கொழும்புக்குப் போகிறவர்கள் லொட்ஜில் மூட்டைப்பூச்சி இருக்கிறதா என்று விசாரிப்பதில்லை. பொலிஸ் ஸ்டேஷன் எவ்வளவு தூரம் என்றுதான் விசாரிப்பார்கள். தமிழன் என்றால் எப்படியும் ஒருமுறை பிடித்துக்கொண்டு போகத்தான் போகிறார்கள். விட்ட பிறகு நடந்து திரும்பப் பக்கமாக இருந்தால் நல்லதுதானே?

பாஸ்போர்ட் எடுக்க நானும் மச்சானும் வட்டகொடையில் ரயில் ஏறினோம். மச்சானுக்குக் கடல் தெரிகிற அறை வேண்டுமாம்.

"கொழும்புக்குப் போயி கடலப் பாக்காம வர்றதா?"

"நம்ம பக்கத்துக் கொத்மலை டேமப் பாத்தது போதாதா? பேசாம வாங்க" என்று அடக்கிவிட்டு, பொலிஸ் ஸ்டேஷனுக்கு நேர் எதிரே இருந்த லொட்ஜைப் பிடித்தேன். ஜன்னலைத் திறந்தால் காவலுக்கு நிற்பவரின் துப்பாக்கி தெரிந்தது. இதைவிட வசதியான இடம் கொழும்பிலேயே இல்லை என்று யாழ்ப்பாணத்து மனேஜர் பெருமைப்பட்டுக்கொண்டார்.

விடிந்ததும் வந்தார்கள். அடையாள அட்டையைப் பார்த்தார்கள், லொறியில் ஏறச் சொன்னார்கள். இதோ எதிரே இருக்கிற ஸ்டேஷனுக்கு லொறி எதற்கு என்று எனக்குத் தெரிந்த சிங்களத்தில் பணிவாகக் கேட்டேன். அங்கே ஆள் நிறைந்துவிட்டதாம், வேறு ஸ்டேஷனுக்குப் போகிறோமாம்.

லொறி கடற்கரை வீதி வழியாக நகரத்தின் மறுகோடிக்குப் போனது. வெயில் பட்டுக் கடல் தகதகத்தது. மச்சான் என் தோளைத் தட்டினார்.

"நல்லாப் பாத்துக்கங்க மச்சான். கொத்மலை டேம விடக் கொஞ்சம் பெருசுதான்."